தாய்மொழி அல்லாத ஜெர்மனுக்கு ஸ்பானிஷிலிருந்து மொழிபெயர்க்கப் பழகுவது எப்படி?

ஜெர்மன் பி2 அளவில் (ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலில் இடைநிலையின் மேல்படி) இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பெயினின் மொழிபெயர்ப்புத் துறைகளில் இப்படி அந்நிய மொழிக்குள் பெயர்ப்பதைத் தனிப்பாடமாகவே நடத்துகிறார்கள். 'எதிர்த்திசை மொழிபெயர்ப்பு' என்று பெயர்.

கதை, கவிதையை இப்போதைக்கு விடுங்கள். வாடகை ஒப்பந்தம், பயன்பாட்டுக் கையேடு மாதிரி அச்சில் வார்த்த உரைகள் போதும். வாடகை ஒப்பந்தம் என்றால், முதலில் ஜெர்மனிலேயே எழுதப்பட்ட இரண்டு மூன்றைப் படியுங்கள். பாதி வாக்கியங்கள் அதிலேயே கிடைத்துவிடும்.

உண்மையான தலைவலி இலக்கணத்தில்தான். ஸ்பானிஷ் எழுவாயைச் சர்வசாதாரணமாக விட்டுவிடும்; வினையைப் பார்த்து அவனா அவளா என்று தெரியாது. ஜெர்மனில் அதைச் சொல்லியே ஆக வேண்டும், அதனால் முன்பத்தியைத் தேட வேண்டிவரும். '-ஆந்தோ', '-யெந்தோ' என முடியும் வினையெச்சத்துக்கும் ஜெர்மனில் நேர் வடிவம் கிடையாது. வழிமுறையைச் சொன்னால் 'இண்டேம்', ஒரே நேரத்தில் நடந்தால் 'வேரென்ட்' என்று துணைவாக்கியமாக்குங்கள். அங்கே வினை கடைசியில் வரும். தமிழருக்கு இது பழகிய சங்கதி.

அப்புறம், எந்தச் சொல்லோடு எது சேரும் என்ற சந்தேகத்துக்கு டி.டபிள்யூ.டி.எஸ் (DWDS) என்ற ஜெர்மன்-ஜெர்மன் இணைய அகராதி இலவசம். இருமொழி அகராதியைவிட அதையே நம்புவேன்.