படிக்காமல் போட்ட வாக்கு

அன்புள்ள ஐயா,

2003-இல் ஈராக் போர் தொடங்கியபோது நான் எச்1பி விசாவில் டாலஸுக்கு வந்து புதிதாக வேலையில் சேர்ந்திருந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் போரை ஆதரித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. அந்தக் காலத்தை இப்போதாவது புரிந்துகொள்ள நினைக்கிறேன். எந்த நாவலில் தொடங்கலாம்? எண்ணெய்க்காகத்தான் போர் என்கிறார்களே, சரியா? அரசு பொய் சொன்னது, எல்லோரும் நம்பினார்கள். வேறென்ன செய்திருக்க முடியும்?

டாலஸிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

போருக்கு முந்தைய அந்த ஆறு மாதங்களைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன். எண்ணெய் விவாதத்தை விடுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டதாக நமக்கு ஒரு திருப்தி வருகிறது, அவ்வளவுதான். என்னைக் கோபப்படுத்தியது உங்கள் கடைசி வரி.

வேறென்ன செய்திருக்க முடியும்? படித்திருக்கலாம்.

2002 அக்டோபர் தொடக்கத்தில், ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றி உளவு அமைப்புகள் சேர்ந்து தயாரித்த ரகசிய அறிக்கை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. தொண்ணூறு பக்கங்களுக்குச் சற்று அதிகம். செனட்டர்கள் பாதுகாப்பு அறைக்குப் போய் அதைப் படிக்கலாம். சதாம் அணுகுண்டு முயற்சியை மறுபடி தொடங்கிவிட்டார் என்றுதான் அறிக்கை சொன்னது. ஆனால் அதற்குள்ளேயே மறுப்பும் இருந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு எழுதியிருந்தது. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டுவதற்காக இருக்காது என்று எரிசக்தித் துறையும் சொல்லியிருந்தது. அந்தத் தொழில்நுட்பம் தெரிந்த வல்லுநர்கள் இருந்ததே அந்தத் துறையில்தான்.

அதை முழுதாகப் படித்த செனட்டர்கள் மிகச் சிலர். அறிக்கை வந்த பத்து நாளில், போருக்கு அனுமதி தர செனட்டில் வாக்கெடுப்பு. ஆதரவு 77, எதிர்ப்பு 23. செனட் உளவுக் குழுவின் தலைவர் பாப் கிரகாம் அதைப் படித்திருந்தார். எதிர்த்து வாக்களித்தார்.

கொல்லவும் சாகவும் பிள்ளைகளை அனுப்புகிற வாக்கு அது! ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் முடித்துவிடக்கூடிய பக்கங்கள். சுருக்கத்தைப் பார்த்துவிட்டோ, யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டோ கை தூக்கினார்கள். பிறகு, ஏமாற்றப்பட்டோம் என்றார்கள். அதை நீங்களும் திருப்பிச் சொல்கிறீர்கள். என்னால் ஏற்க முடியாது.

வெளியிலும் உண்மை ஒளிந்து கிடக்கவில்லை. அரசின் வாதத்தை அதன் சொந்த உளவு அதிகாரிகள் பலரே சந்தேகிக்கிறார்கள் என்று நைட் ரிடர் என்ற நாளிதழ் நிறுவனத்தின் செய்தியாளர்கள் ஜொனாதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபெலும் மாதக்கணக்கில் எழுதினார்கள். அந்த நிறுவனத்துக்கு அப்போது வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ நாளிதழ் இல்லை. ஆட்சியில் இருப்பவர்கள் காலையில் புரட்டுகிற தாள்களில் அந்தச் செய்திகள் வரவில்லை. அப்புறம், 2003 மார்ச் 7 அன்று, சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரடேய் ஐ.நா. பாதுகாப்பு அவையிலேயே சொன்னார்: ஈராக்குக்கும் நைஜருக்கும் யுரேனிய வியாபாரம் நடந்ததாகக் காட்டிய ஆவணங்கள் உண்மையானவை அல்ல. அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பாக்தாத்தில் குண்டு விழுந்தது.

போரை எதிர்த்த ஃபில் டோனஹ்யூவின் உரையாடல் நிகழ்ச்சியை எம்எஸ்என்பிசி தொலைக்காட்சி அதே ஆண்டு பிப்ரவரி 25 அன்று நிறுத்தியது. அந்தத் தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். போர்க்காலத்தில் அவர் முகம் சங்கடம் தரும் என்று உள்ளுக்குள் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. போலீஸ் வரவில்லை, தடைச்சட்டமும் இல்லை. கூட இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்ற பயம் போதுமாக இருந்தது.

அந்தப் பயம் உங்கள் அலுவலகத்திலும் இருந்திருக்கிறது. உங்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வேலையோடு கட்டிப்போட்ட விசா, செப்டம்பர் 11-க்குப் பிறகான டெக்சாஸ், நம் நிறம். பேசாமல் இருந்ததை இத்தனை வருடம் கழித்தும் நினைத்து வருந்துகிறீர்களே, அதற்காக உங்கள் மேல் எனக்கு மதிப்புதான். ஆனால் அந்த அனுதாபத்தை செனட்டர்களுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். உங்களிடம் வாக்கும் இல்லை, அறிக்கையும் இல்லை. அவர்களிடம் இரண்டும் இருந்தன.

2003 பிப்ரவரி 12 அன்று, 85 வயது செனட்டர் ராபர்ட் பைர்ட் அவையில் எழுந்து, போர் இவ்வளவு நெருங்கிய பிறகும் இந்த அவை ஏன் பேசாமல் இருக்கிறது என்று கேட்டார். அந்த உரை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். நாவலுக்கு முன்னால் அதைப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.