டிசைன் கேள்வி பதில்: முடி வெட்டுவது முதல் ஃப்ளெக்ஸ் அளவு வரை

ஸ்டூடியோ ஆல்பம், அழைப்பிதழ், ஃப்ளெக்ஸ், புத்தக அட்டை. இந்த நான்கும்தான் என் பிழைப்பு, இவற்றில் கேளுங்கள். வீடியோ எடிட்டிங்கும் த்ரீடியும் எனக்கு ஆகாது. கருவிகளின் பெயரை ஃபோட்டோஷாப் வழக்கப்படி சொல்கிறேன், கிம்ப் என்ற இலவச மென்பொருளிலும் பெரும்பாலானவை உண்டு. ஆரம்பிக்கும் முன்பே ஒன்று: வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக வந்த படத்தில் வேலையைத் தொடங்காதீர்கள். அது அளவைச் சுருக்கி, சுருக்கியதை மறுபடியும் நசுக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, மணப்பெண் படத்தில் பின்னணியை எடுத்தால் முடி தொப்பி போட்ட மாதிரி வருகிறது. செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்தும் ஓரம் சரியில்லை. (திண்டுக்கல், ஸ்டூடியோ)

பதில்: சேனல்ஸ் பேனலைத் திறந்து ரெட், கிரீன், ப்ளூ மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். எதில் முடி கறுப்பாகவும் பின்னணி வெளுப்பாகவும் பிரிந்து தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தைப் பின்னால் வைத்து எடுத்த படமென்றால் பெரும்பாலும் ப்ளூ. அந்தச் சேனலை நகலெடுத்து நகலில்தான் வேலை செய்ய வேண்டும், மூலச் சேனலில் கை வைத்தால் படத்தின் நிறமே மாறிவிடும்.

நகலில் லெவல்ஸ் போட்டுக் கறுப்பையும் வெள்ளையையும் நெருக்குங்கள். ஒரேயடியாக நெருக்கினால் மெல்லிய முடியெல்லாம் காணாமல் போகும், முக்கால்வாசியோடு நிறுத்துங்கள். மீதியை பிரஷ் பார்த்துக்கொள்ளும். பிரஷ்ஷின் மோடை ஓவர்லேயில் வைத்துக் கறுப்பால் தடவினால் சாம்பலாக இருக்கும் முடி கறுக்கும், வெள்ளையாகிவிட்ட பின்னணி அசையாது. வெள்ளையால் தடவினால் இதற்கு நேரெதிர். முகத்தையும் உடம்பையும் லாஸ்ஸோ போட்டுக் கறுப்பால் நிரப்புங்கள். பிறகு இன்வர்ட் செய்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சேனலின் தம்ப்நெயிலை க்ளிக் செய்தால் செலக்‌ஷன் வந்துவிடும். அதை லேயர் மாஸ்க்காக, அதாவது அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும் திரையாக, மாற்றுங்கள். எரேசர் வேண்டாம், அழித்தது திரும்பி வராது.

இணையத்துப் பாடங்களில் சொல்லாத சிக்கல் ஒன்று நம்மூர்க் கல்யாணப் படங்களில் உண்டு: மல்லிகைச் சரம். முடி கறுப்பு, பூ வெள்ளை. லெவல்ஸை நெருக்கியதும் பூ பின்னணியோடு சேர்ந்துகொள்ளும், கொண்டையில் ஓட்டை விழும். அதனால் பூவைப் பென் டூலால் தனியாகச் சுற்றி வெட்டி, அந்த செலக்‌ஷனை மாஸ்க்கில் வெள்ளையால் நிரப்புங்கள். மொட்டுகளின் ஓரம் கூர்மைதான், அங்கே பென் டூல் போதும்.

கடைசியாக, முடியோரத்தில் பழைய பின்னணியின் பச்சையோ நீலமோ ஒட்டியிருக்கும். மேலே புது லேயர் வைத்து, கீழே உள்ளதோடு க்ளிப் செய்து, கலர் மோடில் முடியின் நிறத்தையே எடுத்துத் தடவிவிடுங்கள். தொப்பி மாதிரி தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த ஓரச்சாயம்தான்.

கேள்வி: 10க்கு 8 அடி ஃப்ளெக்ஸ். 300 டிபிஐ வைத்தால் சிஸ்டம் நின்றுவிடுகிறது. ரேம் கூட்டணுமா? (அரியலூர்)

பதில்: ரேமை விடுங்கள். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. 10 அடி என்பது 120 அங்குலம், 300ஆல் பெருக்கினால் 36,000 பிக்சல். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு தாங்குவதே ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல்தான், அதற்கு மேல் பிஎஸ்பி என்ற பெரிய கோப்பு வடிவத்துக்குப் போக வேண்டும். ரோட்டுக்கு அந்தப்புறம் நின்று பார்க்கிற பேனருக்கு எதற்கு இவ்வளவு? 72 வையுங்கள். 8,640க்கு 6,912 வரும், போதும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் செல்ஃபி ஸ்டாண்டு என்றால் 150. 300 என்பது அழைப்பிதழுக்கும் புத்தகத்துக்கும்.

கேள்வி: வாட்ஸ்அப் டிபியில் இருந்து எடுத்த தாத்தா ஃபோட்டோ. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஹெச்டி ஆக்க முடியுமா?

பதில்: முடியாது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய படம் இருக்கும், கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: நெருப்பு, புகை எஃபெக்ட் போட்டால் ஒட்டவைத்த மாதிரியே இருக்கு அக்கா. ஸ்க்ரீன் மோடுதான் வைக்கிறேன். (மதுரை, ரசிகர் மன்ற போஸ்டர் வேலை)

பதில்: ஸ்க்ரீன் சரிதான். அந்த மோடில் கறுப்பு மறையும், வெளிச்சம் மட்டும் கீழே உள்ள படத்தோடு கூடும். அதனால்தான் நெருப்புப் படங்களைக் கறுப்புப் பின்னணியில் எடுக்கிறார்கள். கறுப்பு முழுசாகப் போகாமல் சாம்பல் பெட்டியாகத் தெரிந்தால், நெருப்பு லேயருக்கு மட்டும் லெவல்ஸ் போட்டுக் கறுப்பை இறக்குங்கள்.

ஒட்டாததற்குக் காரணம் வேறு. அவ்வளவு பெரிய நெருப்பு பக்கத்தில் எரிகிறது, ஹீரோ முகத்திலோ ஒரு துளி ஆரஞ்சு இல்லை! நெருப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கன்னம், மூக்கின் ஓரம், சட்டையின் மடிப்பு எல்லாவற்றிலும் வெளிச்சம் விழ வேண்டும். புது லேயர், கலர் டாட்ஜ் அல்லது சாஃப்ட் லைட், ஆரஞ்சு, மென்மையான பிரஷ், ஃப்ளோ 10க்குள். எதிர்ப்பக்கத்தை கர்வ்ஸில் கொஞ்சம் இருட்டாக்குங்கள். அப்புறம் நிழல். கால் தரையைத் தொடும் இடத்தில் கறுத்து, ஒடுங்கி, கூர்மையாக இருக்கும். விலக விலக வெளுத்து மங்கும். டிராப் ஷேடோவை வைத்துவிட்டு நிழல் என்று சொல்லாதீர்கள், அது காகிதம் மேசை மேல் கிடக்கும் நிழல்.

பகல் வானத்தில் புகை வேண்டுமென்றால் ஸ்க்ரீன் உதவாது, வெள்ளை மேல் எது வைத்தாலும் வெள்ளைதான். வெள்ளைப் பின்னணியில் கறும்புகை உள்ள படமெடுத்து மல்டிப்ளை வையுங்கள்.

கேள்வி: மானிட்டரில் மின்னுகிற நீலம் அச்சில் கத்திரிப்பூ நிறமாக வருகிறது. பிரஸ்காரர் ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால். அந்த நீலத்தை சிஎம்ஒய்கே (சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) மையால் கொண்டுவர முடியாது. கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் அச்சில் ஏறக்குறைய எப்படி வருமென்று திரையிலேயே தெரியும். வாடிக்கையாளருக்குக் காட்டும்போதும் அதையே காட்டுங்கள், பிறகு சண்டை வராது. நீலத்தில் மஜெந்தாவைக் குறைத்தால் கத்திரிப்பூ குறையும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல முறையில், கறுப்பு எழுத்து அடித்துவிட்டு அப்படியே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் அது நான்கு மையிலும் பிரிந்துவிடும். சியான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அச்சு ப்ளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும், ண, ன சுழிகள் அடைபட்டுப்போகும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம்.

கேள்வி: இந்த ஃபோட்டோவை ஹெச்டி ஆக்க எந்த ஆப் நல்லது மேடம்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: க்ராக் வெர்ஷன் லிங்க் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கிம்ப், க்ரிடா, இங்க்ஸ்கேப் மூன்றும் இலவசம். பிஎஸ்டியைத் திறந்து பார்க்க மட்டும் என்றால் ஃபோட்டோபியா பிரவுசரிலேயே ஓடும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பிறந்த தேதி மட்டும் மாற்ற ஃபான்ட் பெயர் தெரிய வேண்டும்.

பதில்: தேதியைத் திருத்த முறையாக மனு கொடுக்கும் வழி இருக்கிறது தம்பி, பள்ளியில் போய்க் கேளுங்கள். இங்கே இல்லை.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் தமிழ் டைப் செய்தால் கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு வருகிறது. பாமினி ஃபான்டில் அடித்தால் சரியாக இருக்கிறது. பாமினியிலேயே போய்விடலாமா? (கோவை)

பதில்: வேண்டாம், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடிலேயே இருங்கள். பழைய வெர்ஷன் ஃபோட்டோஷாப் என்றால் ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதியில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்பதைத் தேர்ந்து, புது ஃபைல் திறந்து, பாரக்ராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி என்று தொடங்குவதைப் போடுங்கள். கொம்பு இடத்துக்கு வந்துவிடும். ஏற்கெனவே அடித்த லேயர்களையும் செலக்ட் செய்து இதையே கொடுக்க வேண்டும். பாமினியில் நீங்கள் அடிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளை, ஃபான்ட் அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும்.

சிவகாசி அச்சகத்துக்காரர்: அம்மா, நான் பேஜ்மேக்கர் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, கர்வ் செய்து கொடுத்தால் எந்த ஃபான்டாக இருந்தால் என்ன? காகிதத்துக்கு யூனிகோடும் தெரியாது, பாமினியும் தெரியாது. அழைப்பிதழுக்கு ஏற்ற வளைவு நெளிவான எழுத்து யூனிகோடில் எத்தனை இருக்கிறது?

பதில்: ஐயா, அச்சோடு முடிகிற வேலை என்றால் நீங்கள் சொல்வது சரி. கோரல் ட்ராவில் கன்ட்ரோல் க்யூ, வேலை தீர்ந்தது. ஆனால் அதே அழைப்பிதழின் வாசகத்தை வாடிக்கையாளர் மெசேஜில் அனுப்பக் கேட்பார், மறுபடி அடிக்க வேண்டும். பாமினி ஒரு குறியேற்றம் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை), வானவில் ஒன்று, ஸ்ரீலிபி ஒன்று; உங்கள் ஃபைல் இன்னொரு அச்சகத்துக்குப் போனால் குப்பை. தமிழக அரசே 2010இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. எழுத்துருவுக்கும் முன்போலப் பஞ்சமில்லை. கவிவாணர், காய்னி, அரிமா, பலூ தம்பி, மீரா இனிமை, அநேக் தமிழ் எல்லாம் இலவசம், வணிக வேலைக்கும் தடையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: அக்கா, இங்கே பாமினி விசைப்பலகையில் பழகியவர்கள்தான் அதிகம். யூனிகோடுக்கு மாறு என்றால் விரல் மாற வேண்டும் என்று பயப்படுகிறார்கள்.

பதில்: விரல் மாற வேண்டாம். பாமினி விசையமைப்பிலேயே யூனிகோடு அடிக்கும் மென்பொருள்கள் உண்டு. விசைப்பலகை வேறு, குறியேற்றம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் இந்தச் சண்டையே.

சிவகாசி அச்சகத்துக்காரர்: நீங்கள் சொன்ன ஆறும் பார்த்தேன். காய்னியை சாக்லேட் கவருக்குப் போடலாம், முகூர்த்தப் பத்திரிகைக்குப் போட்டால் பெண் வீட்டார் ஏற்க மாட்டார்கள். கும்பாபிஷேக நோட்டீசுக்குப் பழைய லை, ணை கேட்கிறார்கள், துதிக்கை வைத்தது. அதற்கு என்ன செய்ய?

பதில்: காய்னி விஷயத்தில் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்! மங்கல எழுத்துக்கு யூனிகோடில் இன்னும் வறட்சிதான். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களும் புது எழுத்துருக்களில் அபூர்வம். அப்படிப்பட்ட தலைப்பு வரியை மட்டும் பழைய ஃபான்டில் அடித்து கர்வ் செய்யுங்கள். உள்ளே வரும் நிகழ்ச்சி நிரல், பெயர்கள், முகவரி யூனிகோடில் இருக்கட்டும். அடுத்த முறை மாற்றப்போவது அதைத்தான்.

கோவைக்காரர்: அப்போ நான் எதில் அடிப்பது?

பதில்: யூனிகோடில். ஐயாவுக்கும் எனக்கும் சண்டை ஒரு தலைப்பு வரிக்குத்தான்.

கேள்வி: தங்க எழுத்து எஃபெக்ட் சொல்லுங்கள்.

பதில்: அடர் பழுப்பு, மஞ்சள், ஏறக்குறைய வெள்ளை, மறுபடி பழுப்பு என்று கிரேடியன்ட், மேலே ஓரம் புடைப்பாகத் தெரியக் கொஞ்சம் பெவல். திரையில் மின்னும், அச்சில் கடுகு நிறமாகத்தான் வரும். நிஜமாக மின்ன வேண்டுமானால் ஃபாயில், அதாவது பளபளக்கும் தகட்டை எழுத்தின் மேல் ஒட்டுவது. அதற்கு எஃபெக்ட் எதுவும் இல்லாமல் வெறும் கறுப்பில், வெக்டராக (பிக்சல் இல்லாத கோட்டு வடிவமாக) தனி ஃபைல் கொடுக்க வேண்டும். மெல்லிய கோடு ஃபாயிலில் நிற்காது.

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளை குடும்பப் படம், நடுவில் மடிப்பு விழுந்து கிழிந்திருக்கிறது. ஏஐயில் போட்டால் ஒரு நொடியில் வருகிறதே, இன்னும் ஹீலிங் பிரஷ் எதற்கு?

பதில்: வருகிறது, ஆனால் வருவது உங்கள் பாட்டியா என்று பாருங்கள். மடிப்பு சுவரில், புடவையில், நாற்காலியில் போனால் தாராளமாக ஏஐயிடம் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். முகத்தில் கொடுக்காதீர்கள். இல்லாத இமையையும் பல்லையும் அது ஊகித்து வரையும், படம் அழகாக இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் "இது யாரு?" என்பார்கள். 600 டிபிஐ, 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். முகத்தை க்ளோன், ஹீலிங் இரண்டாலும் தனி லேயரில், அதே முகத்தின் மற்ற பகுதியிலிருந்து எடுத்துச் சரிசெய்யுங்கள். நிறம் சேர்ப்பதானால் புடவை என்ன நிறமென்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, கலர் மோடில் தடவுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த லோகோ. பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக...

பதில்: இங்க்ஸ்கேப்பில் பென் டூலால் மறுபடி வரையுங்கள். லோகோவை ஜேபெக்காக வாங்கவே வாங்காதீர்கள். டாக்குமென்ட், டாக்குமென்ட், டாக்குமென்ட்.

கேள்வி: கிரேடியன்ட்டில் பட்டை பட்டையாகக் கோடு.

பதில்: 16 பிட்டில் போடுங்கள், மேலே 1 சதவீதம் நாய்ஸ் (மெல்லிய புள்ளித்தூவல்).

கேள்வி: ஒரு ஆல்பத்துக்கு எவ்வளவு வாங்கலாம் அக்கா?

பதில்: உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்களைக் கேளுங்கள். திருத்தம் இரண்டு முறைதான் இலவசம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: விசிட்டிங் கார்டுக்கு ப்ளீட் எவ்வளவு?

பதில்: நான்கு பக்கமும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர். ஃபோன் எண்ணை வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே குறைந்தது 3 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். ஓரத்தில் பார்டர் வேண்டாம், கட்டிங்கில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்துத் தெரியும்.