பாரிசவாதத்துக்குப் பிறகு மெலியும் தொடை

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, 58 கிலோ. ஐந்து மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இயங்காமல் போனது. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் வலது தொடை மெலிந்துவிட்டது. தினமும் எண்ணெய் தேய்க்கிறோம். சத்து ஊசி போட்டால் தேறுமா? – வாசகி, உப்புவெளி

பதில்: தேறாது. இரத்தப் பரிசோதனையில் ஏதும் சத்துக் குறைவு தெரிந்தால் மட்டுமே ஊசியால் பயன் உண்டு. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், தசையை வளர்க்காது.

அடைபட்டதோ வெடித்ததோ மூளையின் இரத்தக்குழாய்தான். தசை கரைவதற்கு மூளையின் கட்டளை குறைந்தது ஒரு காரணம், படுக்கை இன்னொன்று, கஞ்சியும் ரஸ்க்குமாகப் போகும் சாப்பாடு மூன்றாவது. மெலிவதோடு விடுவதில்லை, தசைநார்களுக்கு இடையில் கொழுப்பும் படியும். அதனால் தொடையை நாடாவால் அளந்து கவலைப்படுவதை விட, கைப்பிடிக்காமல் கதிரையிலிருந்து எத்தனை தரம் எழும்புகிறார் என்று எண்ணுங்கள்.

பயிற்சியும் அதுவேதான். கதிரையைச் சுவரோடு வைத்து, நான்காக மடித்த போர்வையை மேலே போட்டு உயர்த்துங்கள். வலது பாதம் இடது பாதத்தை விட நான்கு விரல் பின்னால் இருக்கட்டும். இதை விட்டால் முழுப் பாரத்தையும் நல்ல கால் வாங்கிக்கொள்ளும். ஆள் எழும்புவார், வலது தொடை சும்மா இருக்கும். பெரும்பாலான வீடுகளில் பிழைப்பது இங்கேதான். மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை குனிந்து எழும்பி, நான்கு எண்ணும் வரை மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போய்விடும். 8 முதல் 10 தரம், இரண்டு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று, கிழமையில் 3 நாள். பத்தும் லேசாக வந்தால் போர்வையில் ஒரு மடிப்பைக் குறையுங்கள்.

நீங்கள் வலது பக்கம் நின்று இடுப்பில் பிடியுங்கள். அக்குளிலோ கையிலோ பிடித்துத் தூக்கினால் தளர்ந்த தோள்மூட்டு இறங்கி, மாதக்கணக்கில் நோகும். பிரஷர் 180/110க்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம். நம் வெயிலுக்குக் காலை எட்டு மணிக்கு முன் முடிப்பது நல்லது. கடற்கரை மணலில் நடந்தால் நரம்பு பலக்கும் என்று யாராவது சொல்வார்கள். பாதம் இழுபடுகிறவருக்கு அது விழுவதற்கான வழி.

சாப்பாட்டில் நாளுக்கு ஏறத்தாழ 70 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, வேளைக்கு நூறு கிராமாக இரண்டு வேளை மீனில் 40, ஒரு கோப்பை அவித்த கௌப்பியில் 13, ஒரு கிண்ணம் தயிரில் 7. மத்தியானம் மட்டும் மீனைக் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு பொருந்தாது, கிளினிக்கில் கேளுங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும். அதுவரை முள் அதிகமான சூடை மீன் வேண்டாம், பாரை மீனை அவித்து உதிர்த்துக் கொடுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் தெரிந்த வேகம் இனி இராது. ஆனால் தசைக்கு அந்தக் கெடு இல்லை. வருடங்கள் கழிந்தும் பலம் கூடும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் பயிற்சியை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இரத்தக்கட்டியாக இருக்கலாம். முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 1990 அம்புலன்ஸ்.