பாலாற்றங்கரையில் பசுமைப் பொருளாதாரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி, வேலூர்: ஐயா, ‘அனைவரையும் உள்ளடக்கிய பசுமைப் பொருளாதாரம்’ என்று பாடத்தில் வருகிறது. எளிமையாகச் சொல்ல முடியுமா?

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை மூன்றை ஒன்றாக முடிச்சுப் போட்டது: கரியமில வாயுவைக் குறைப்பது, நீரையும் மண்ணையும் சிக்கனமாகச் செலவிடுவது, எளியவர்களைக் கைவிடாமல் இருப்பது. முதல் இரண்டுக்கும் இயந்திரம் வாங்கி வைத்துவிடலாம். மூன்றாவதற்கு அப்படி எதுவும் கடையில் கிடைக்காது. எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும், இதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று கேளம்மா. பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

டேனரித் தொழிலாளி, ஆம்பூர்: ஐயா, சுத்திகரிப்புச் செலவு தாங்காமல் சின்ன டேனரிகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளை, மூடிவிடுவார்கள் என்கிறார்கள். நான் பதினெட்டு வருடமாகத் தோல் உருட்டும் டிரம்மில் வேலை செய்கிறேன். எங்கள் கதி என்ன?

தம்பி, முதலில் உப்பைப் பற்றிப் பேசுவோம். தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், உப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல், உப்பைக் கொட்டித்தான் அனுப்புகிறார்கள். ஊற வைக்கும்போது அது அத்தனையும் கழிவுநீரில் கரைகிறது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்பது விதி. அதனால் சவ்வில் வடிகட்டி நல்ல நீரைத் திரும்ப எடுக்கிறோம். மிஞ்சும் உவர்நீரைக் கொதிகலன் நீராவியில் காய்ச்சி வற்ற வைக்கிறோம். கடைசியில் பழுப்பேறிய கலப்பு உப்பு மிஞ்சுகிறது. அதை வாங்க ஆள் இல்லை. கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஐப்பசி மழையில் ஒரு மூட்டை நனைந்தால், அடியில் வெள்ளைக் கோடாக வழிந்து ஓடும் அந்த நீரை நான் எத்தனையோ முறை மண்வெட்டியால் அணை போட்டு மறித்திருக்கிறேன்.

அந்த உப்பில் ஒரு பகுதியைத் தோலிலிருந்து உலர்வாகவே தட்டி எடுத்துவிட்டால் பின்னால் வரும் செலவு குறையும். தட்டுகிறவர்கள் தினக்கூலிகள். விரல் இடுக்குகளில் புண்ணோடு நிற்கிறார்கள். கையுறை, முகக்கவசம், இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு இவை இல்லாத இடத்தில் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக வந்தாலும் அதைப் பசுமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூடுவது பற்றி: உலகத் தொழிலாளர் அமைப்பு 2015இல் வெளியிட்ட ‘நியாயமான மாற்றம்’ வழிகாட்டுதல், வேலை இழப்பவருக்கு மறுபயிற்சியும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. உங்கள் சங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஆலை மூடிய பிறகு பேசினால் காது கொடுப்பார் இல்லை. உங்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பதிவேட்டில் இல்லாதவருக்கு எந்த நிவாரணமும் வந்து சேராது.

விவசாயி, வாணியம்பாடி அருகில்: எங்கள் கிணறு உவர்த்துப் போய் முப்பது வருடம் ஆகிறது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு வேலூரால் வந்தது என்கிறார்கள். எங்களுக்கு என்ன வந்தது?

உங்கள் கோபம் நியாயமானது. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ‘மாசு செய்தவரே ஈடு கட்டு’ என்ற நெறி இந்திய மண்ணின் சட்டம் என்று நிலைநாட்டப்பட்டது அப்போதுதான். நாடெங்கும் நீதிமன்றங்கள் இன்றும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி அதை மேற்கோள் காட்டுகின்றன.

பின்னர் அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு தலைமுறையின் தென்னந்தோப்புக்கு அதுதான் விலை என்றால் மனம் ஆறாது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கண்காணிக்க ஒரு குழுவும் அமைக்கச் சொன்னது. பட்டா, அடங்கல், கிணற்று நீர் பரிசோதனை அறிக்கை மூன்றையும் எடுத்து வையுங்கள். குத்தகைக்கு உழுதவர்களும் கேளுங்கள். பட்டாதாரருக்கு மட்டுமா நஷ்டம்?

சிறு டேனரி நடத்துபவர், பேரணாம்பட்டு: குரோமியத்தை விட்டுவிட்டுப் பழையபடி ஆவாரம்பட்டைக்குத் திரும்பினால் என்ன?

பை, பெல்ட் போன்றவற்றுக்கு நல்ல வழி. நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டுதான் பதனிட்டார்கள். ஆனால் குரோமியத்தில் ஒரு நாளில் முடிவதற்குப் பட்டையில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், போட்ட முதல் முடங்கும். பட்டைச்சாறு கலந்த கழிவும் எளிதில் மட்காது, அதற்கும் சுத்திகரிப்பு வேண்டும். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நீர் சேர்க்காமல் குரோமியம் ஏற்றும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர், காட்பாடி: மொட்டை மாடியில் சோலார் போட 78,000 ரூபாய் மானியம் என்கிறார்களே, எங்களுக்கு?

அது 2024இல் வந்த சூர்ய கர் திட்டம். மூன்று கிலோவாட்டுக்கு அந்தத் தொகை. ஆனால் கூரை சொந்தமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு தரும் இலவச மின்சார யூனிட்டுகளோடு சமாளிக்கும் சின்ன வீடுகளுக்கு அதில் பெரிய லாபமும் இல்லை. பெரிய பில் கட்டுகிறவருக்கே பலன் அதிகம். இது அந்தத் திட்டத்தின் குறை என்றே நினைக்கிறேன்.

வெல்டர், ராணிப்பேட்டை: மின்நிலையக் கொதிகலன்களுக்கான துணைக் கருவிகள் செய்யும் பெல் ஆலைக்கு ஜாப் வேலை செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. நிலக்கரி மின்நிலையம் நின்றால் நாங்கள்?

வெளியே விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலைக்கு, அதாவது நிகர பூஜ்ய உமிழ்வுக்கு, இந்தியா சொல்லியிருக்கும் ஆண்டு 2070. நாளையே நிற்கப் போவதில்லை. ஆனால் உங்கள் மகன் அதே பட்டறையில் நிற்கும்போது ஆர்டர் மெலிந்திருக்கும். தகடு வளைக்கவும் பற்றவைக்கவும் தெரிந்த கை சோலார் தாங்கிகளுக்கும் வேண்டும், சுத்திகரிப்புத் தொட்டிகளுக்கும் வேண்டும். முதலில் ஒரே ஒரு புது ஆர்டர் பிடியுங்கள், பழையதை விடாமல். அளவுகளும் தகட்டுத் தடிமனும் எழுதி அனுப்பினால், தொட்டி வேலைக்கு என்ன எஃகு, எப்படிப் பூச்சு என்பதை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.