வடக்கே தலை வைத்தால் ரத்தத்து இரும்பை பூமி இழுக்குமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ அறிவியல் பிரிவு. "வடக்கே தலை வைத்துப் படுக்காதே, பூமியின் காந்தம் ரத்தத்தில் உள்ள இரும்பை மூளைக்கு இழுத்துவிடும்" என்று சொன்னால் சிரிக்கிறாள். அவள் படிக்கும் காந்தவியல் பாடத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் முன்னோர் கண்டறிந்த இந்த விஞ்ஞானத்தை அவளுக்குப் புரியும்படி விளக்குவீர்களா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல்

பதில்: பாடத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் பக்கம் இல்லை, மகள் பக்கம். இந்த விஷயத்தில் அவள் சிரித்தது சரிதான்.

முதலில் "இழுக்கும்" என்பதைப் பார்ப்போம். பூமியின் காந்தம் எதையும் வடக்கே இழுப்பதில்லை. திருப்புகிறது, அவ்வளவுதான். திசைகாட்டி ஊசி வடக்கைப் பார்த்துத் திரும்பி நிற்கிறதே தவிர, மேஜையை விட்டு வடக்கே நகர்ந்து போவதில்லை. ஊசியின் ஒரு முனையை எவ்வளவு பலமாக வடக்கே தள்ளுகிறதோ, மறு முனையை அதே பலத்தோடு தெற்கே தள்ளுகிறது. இரண்டும் கழிந்துவிடும், திருப்பு விசை மட்டும் மிஞ்சும். "சீரான காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட காந்த இருமுனை மீது நிகர விசை சுழி" என்று உங்கள் மகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவாள். ஒரு படுக்கையறை என்ன, ஒரு மாவட்டம் முழுக்கவே பூமியின் புலம் அநேகமாகச் சீரானதுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு தையல் ஊசியைக் காந்தத்தில் ஒரே திசையாக இருபது முப்பது முறை தேயுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் காந்தம் ஏறாது. பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள் துண்டு ஒன்றின் மேல் ஊசியைப் படுக்க வைத்து மெல்ல மிதக்க விடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம், சிலவற்றைக் காந்தம் பிடிக்கும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். காகிதத்தோடு ஊசி மெதுவாகச் சுழன்று, கொஞ்சம் ஆடி, தெற்கு வடக்காக நிற்கும். அப்புறம் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பேசினின் வடக்கு விளிம்பைத் தேடிப் போகாது. லண்டனில் திசைகாட்டி செய்து பிழைத்த ராபர்ட் நார்மன் என்பவர் 1581இலேயே ஊசியைத் தக்கையில் குத்தித் தண்ணீரில் விட்டு இதைக் காட்டிவிட்டார். முழுக்கக் காந்தமேற்றிய எஃகு ஊசியையே வடக்கே இழுக்க முடியாத பூமி, உங்கள் ரத்தத்தை எப்படி இழுக்கும்?

காந்தம் ஒன்றை இழுக்க வேண்டுமென்றால் புலம் இடத்துக்கு இடம் மாற வேண்டும். ஒரு முனைக்கு அதிகம், மறு முனைக்குக் குறைவு என்று இருந்தால்தான் கழித்த பிறகு மிச்சம் விழும். குண்டூசியைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனால் கடைசி அரை அங்குலத்தில் படக்கென்று தாவுவது இதனால்தான். எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பைக் கொண்டுபோகக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொள்வதும் இதற்காகத்தான். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவரை, எந்திரம் சிலிண்டரோடு சேர்த்து இழுத்துக்கொண்டது. கசிந்த ஆக்ஸிஜனைச் சுவாசித்து அவர் இறந்துபோனார். நோயாளியை உள்ளே தள்ளுகிற எம்.ஆர்.ஐ. குழாயின் வாயருகேதான் புலம் சட்டென்று ஏறுகிறது. இழுப்பு அங்கேதான் கடுமை.

சரி, அதே எந்திரத்துக்குள் நோயாளியைப் படுக்க வைக்கிறார்களே, அவர் ரத்தம் என்ன ஆகிறது? காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ டெஸ்லா. தமிழ்நாட்டில் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. சாதாரண எம்.ஆர்.ஐ. 1.5 டெஸ்லா. ஏறத்தாழ 37,500 மடங்கு. நோயாளியும் அந்த வாயைக் கடந்துதான் உள்ளே போகிறார். சிலிண்டரைப் பறித்த எந்திரம் அவர் ரத்தத்தைத் தொடுவதில்லை. அரை மணி நேரம் கழித்து எழுந்து, பில் கட்டிவிட்டு, டீ குடிக்கப் போகிறார்.

காரணம், ரத்தத்தில் இருப்பது நீங்கள் நினைக்கிற இரும்பு இல்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம். அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுவாக, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரும்பு ஆணி காந்தத்தில் ஒட்டுகிறதே, அது ஒற்றை இரும்பு அணுவின் குணமல்ல. கோடிக்கணக்கான அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றைப் பார்த்து ஒன்று ஒரே திசையில் திரும்பினால்தான் அந்தப் பலம் வரும். பெர்ரோ காந்தத்தன்மை என்று பாடத்தில் வருவது இதுதான். அந்த ஒழுங்கு குலைந்தால் ஆணியே ஒட்டாது: 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிப் பாருங்கள், அதே இரும்பு, அதே எடை, காந்தம் அதைக் கண்டுகொள்ளாது. 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் ரத்தத்தையே காந்தத்தருகே வைத்து அளந்தார்கள். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் டயா காந்தம், அதாவது காந்தத்தைக் கண்டு மிக லேசாக விலகுகிறது. ஆக்ஸிஜன் இறங்கியது பாரா காந்தம், மிக லேசாக நெருங்குகிறது. நோயாளி எழுந்து டீ குடிக்கப் போக முடிவது அந்த "மிக லேசாக" என்பதால்தான்.

இன்னொரு வகை விளக்கமும் ஊரில் உலவுகிறது: தலை வட துருவம், வடக்கும் வட துருவம், ஒத்த துருவங்கள் விலக்கும், அதனால் கெடுதல். தலைக்குத் துருவம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டேன். ஆனால் ஊசியின் வட முனை வடக்கே திரும்புகிறது என்றால், அங்கே இருப்பது காந்தக் கணக்கில் தென் துருவம்தானே? பத்தாம் வகுப்புக்குள் வந்துவிடுகிற விஷயம் இது. இழுக்கும் என்கிறவரும் விலக்கும் என்கிறவரும் முதலில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் மகள் கேட்டிருக்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று உண்டு. ரத்தம் உப்பு கலந்த திரவம், மின்சாரத்தைக் கடத்தும். அது ஓடுகிறது. காந்தப்புலத்தில் ஓடும் கடத்தியில் மின்னழுத்தம் உண்டாகும் என்பது மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டது. அப்படியானால் ரத்தத்தில்? ஃபாரடேக்கே இந்த யோசனை வந்தது, ரத்தத்தில் அல்ல, ஆற்றில். 1832 ஜனவரியில் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் செப்புத் தகடுகளை இறக்கி, ஓடும் தண்ணீரில் பூமியின் காந்தம் மின்சாரம் உண்டாக்குகிறதா என்று அளக்கப் பார்த்தார். அகப்படவில்லை, அவ்வளவு சிறியது. ரத்தத்துக்கு நாமே கணக்குப் போடலாம். புலம் 40 மைக்ரோ டெஸ்லா, பெருந்தமனியின் விட்டம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், வேகம் அதிகபட்சம் நொடிக்கு ஒரு மீட்டர். மூன்றையும் பெருக்கினால் ஒரு மைக்ரோவோல்ட். ஈ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் பதிவாகும் இதய அலை சுமார் ஒரு மில்லிவோல்ட், அதைவிட ஆயிரம் மடங்கு. எம்.ஆர்.ஐ.க்குள் மட்டும் இந்த மின்னழுத்தம் பெரிதாகி ஈ.சி.ஜி. அலையின் வடிவத்தையே மாற்றிவிடும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன தொல்லை.

இனிமேல்தான் வேடிக்கை. அந்தக் கணக்கில் ஒரு சைன் தீட்டா உண்டு, அதாவது ஓட்டத்துக்கும் புலத்துக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்த ஒரு பெருக்கு எண். ஓட்டம் புலத்துக்குக் குறுக்கே இருந்தால் முழு மதிப்பு, புலத்தோடு இணையாக இருந்தால் சுழி. புலக்கோடுகள் தரைக்கு இணையாக இருக்கும் காந்த நடுக்கோடு தெற்குக் கோடியில் நம் பக்கமாகப் போவதால், தமிழ்நாட்டில் பூமியின் புலக்கோடுகள் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகின்றன. 1963இல் ஏவிய ராக்கெட்டுக்குக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோடு அருகில் போவதால்தான். உடலின் பெருந்தமனியோ முதுகெலும்பை ஒட்டி நெட்டுவாக்கில் இறங்குகிறது. ஆக, வடக்கே தலை வைத்துப் படுத்தால் அதில் ஓடும் ரத்தம் புலத்தோடு இணையாகிறது. விளைவு ஏறக்குறைய சுழி. தெற்கே வைத்தாலும் அதே சுழி. உத்தமம் என்று சொல்லப்படுகிற கிழக்கே தலை வைத்தால்தான் குறுக்கே வந்து முழு ஒரு மைக்ரோவோல்ட் கிடைக்கும்! காந்தத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அது இப்படித்தான் சொல்லும்.

நம் பாட்டிமார் யாரும் காந்தம், ஹீமோகுளோபின் என்று சொல்லி வடக்கைத் தடுக்கவில்லை. பிள்ளையாருக்குத் தலை தேடிப் போனவர்கள் வடக்கே தலை வைத்துப் படுத்திருந்த யானையின் தலையைக் கொண்டுவந்த கதையைச் சொன்னார்கள். காந்தத்தைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தார்கள். கதைக்காகவோ பாட்டிக்காகவோ நீங்கள் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. மகளிடமும் அந்தக் காரணத்தையே சொல்லுங்கள், அவள் சிரிக்காமல் கேட்கக்கூடும். காந்தம் என்று சொன்னால் மட்டும் அவள் சைன் தீட்டாவைக் கேட்பாள்.