துள்ளலும் குதித்தலும்

கேள்வி: 'துள்ளல்' என்பதற்குக் 'குதித்தல்' என்றே பொருள் எழுத வேண்டும் என்று என் மகளின் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? — ஒரு வாசகி, பெரம்பூர்.

பதில்: ஒன்றல்ல. கிணற்றில் குதிக்கலாம், கிணற்றில் துள்ள முடியாது. குதித்தவர் வேறிடத்தில் போய் இறங்குகிறார். தாவுகிறவருக்கு அக்கரை ஒன்று வேண்டும். துள்ளலுக்கோ நின்ற இடமே போதும். காசிமேட்டில் கூடையிலிருக்கும் மீன் துள்ளுகிறது, குதிப்பதில்லை. கன்று இடம்விட்டு நகர்ந்தால், 'துள்ளி ஓடியது' என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைக்கிறோம். 'துள்ளிக் குதித்தான்' என்னும் வழக்கே இரண்டும் வெவ்வேறு என்பதற்குச் சான்று.

இந்த வேறுபாட்டை நம் யாப்பிலக்கணத்தார் காதால் அறிந்திருந்தனர். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், வஞ்சிக்குத் தூங்கல் என்று ஓசை வகுத்தவர்கள், கலிப்பாவுக்குத் துள்ளலைக் கொடுத்தார்கள். கலி என்ற சொல்லிலேயே ஆரவாரமும் செருக்கும் தழைப்பும் உண்டு. 'செல்வப்போர்க் கதக்கண்ணன் செயிர்த்தெறிந்த சினவாழி' என்று யாப்பு உரைகள் காட்டும் அடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு காய்ச்சீரும் (மூன்று அசை கொண்ட சீர்) நேரசையில் (ஓர் உயிரொலி கொண்ட அசை) காலூன்றுகிறது, அடுத்த சீர் நிரையசையில் (குறிலில் தொடங்கி இரண்டு உயிரொலி கொண்ட அசை) மேலெழும்புகிறது. சீரோடு சீர் சேரும் முறையே தளை; காய்முன் நிரை என்னும் கலித்தளை இதுதான். ஆனால் நம் வகுப்பறைகளில் 'கலிப்பா – துள்ளலோசை' என்பது ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிட்டது. கலித்தொகையின் 150 பாடல்களில் ஒன்றைக்கூட உரக்கப் படிக்கக் கேளாத பிள்ளை ஓசையின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதை நான் பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் கண்டித்து வருகிறேன், இன்றும் கண்டிக்கிறேன்.

மலையாளத்திலும் துள்ளல் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் குஞ்சன் நம்பியார் வளர்த்த ஓட்டன் துள்ளல், பறையன் துள்ளல், சீதங்கன் துள்ளல் ஆகியவை ஒருவரே பாடி ஆடும் கலைகள். தெய்வம் ஏறி ஆடுவதையும் அங்கே துள்ளல் என்றே சொல்கிறார்கள்.

அடங்காமைக்கும் இச்சொல் வரும். 'துள்ளின மாடு பொதி சுமக்கும்' என்னும் பழமொழியில் 'குதித்த மாடு' என்று மாற்றினால், மாட்டின் திமிர் காணாமல் போய்விடும். உங்கள் மகள் அடுத்த முறை, 'நின்ற இடத்திலேயே மேலெழுந்து விழுதல்' என்று பொருள் எழுதட்டும். ஆசிரியர் அந்த விடையைத் தவறென்று அடித்துவிட்டால், மேலே சொன்ன கலியடியை அவரிடம் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.