மருத்துவம் இலவசமாக இருந்தும் ராமநாதபுரம் கடலோர மக்கள் நோயை முற்றவிட்டே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களே, விழிப்புணர்வு இல்லாததாலா?

கேள்வி கேட்டவர் மருத்துவம் படிப்பவராகவோ, இந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வந்தவராகவோ இருப்பார் என்று நினைக்கிறேன். கேள்வியில் இளக்காரம் இல்லை, ஆதங்கம்தான் தெரிகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லையென்றால் கடந்து போயிருப்பேன், ஏனென்றால் இதே கேள்வியை ஒரு வார்டில் எல்லார் முன்னாலும் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

விழிப்புணர்வு இல்லாததால் அல்ல. என் அம்மாவின் கதையைச் சொன்னால் புரியும்.

எங்களுக்கு ராமேஸ்வரம் தீவில், பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அம்மா பாசி எடுப்பவர். தீவுகளின் ஓரம் வரை வள்ளத்தில் போய், இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிய்த்து எடுக்க வேண்டும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல் ஒவ்வொன்றிலும் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இவ்வளவுதான் பாதுகாப்பு. அந்த மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சீழை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கிறார்களே, அந்தத் தட்டில் ஊற்றுவதும் அகர்தான். இதை நீங்கள் படித்திருப்பீர்கள். எடுத்துத் தருகிற கைகளை உங்களுக்குக் காட்ட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலை எல்லா நாளும் கிடையாது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் நன்றாக வற்றுகிற நாட்களில்தான் வரும்படி. அந்த நாட்களில் விடியுமுன் போனால் மதியத்துக்கு மேல்தான் கரை ஏறுவார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அந்த நாட்களை விடவே முடியாது. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எப்போது தருகிறார்கள்? காலையில். மதியத்தோடு முடிந்துவிடும். கடல் வற்றுகிற நேரமும் டாக்டர் இருக்கிற நேரமும் ஒன்றாக வந்தால் ஒரு பெண் எதை விடுவாள்?

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது பல வருடமாகத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கித் தவறாமல் போட்டார். "காலைத் தினமும் பாரு, விரலிடுக்கப் பாரு, வெறுங்காலோட நடக்காத" என்று நர்ஸம்மா சொன்னது அவருக்கு மனப்பாடம். வீட்டுக்குள்ளேகூடச் செருப்போடுதான் நடப்பார். சொல்லப்போனால் எங்கள் தெருவில் மற்றவர்களுக்குச் சர்க்கரையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

கீழே பாறையில் செருப்பு நழுவி, சுண்டுவிரல் பக்கம் சிப்பி கீறிவிட்டது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் வலிக்கவில்லை. கரை ஏறிய பிறகு ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினார். அப்போது வற்று நாள் தொடங்கியிருந்த சமயம். மறுநாளும் உப்புத் தண்ணீரில்தான் நின்றார். அந்த நாட்கள் முடிந்ததும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் முகம் மாறி, உடனே ராமநாதபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு இன்றுவரை மரியாதைதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். இது நடந்தது 2024-ல். 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திய பிறகு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. குறைந்த கட்டணத்தில், உட்கார்ந்து போக, நோயாளிக்கு இருந்த ஒரே வசதி ரயில்தான். பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தானே என்று யாராவது கேட்பீர்கள். 2021-லிருந்து இலவசம், உண்மை, நல்ல திட்டம். ஆனால் அது டவுன் பஸ்ஸுக்கு. நாங்கள் ஏறுவது ராமேஸ்வரத்திலிருந்து வருகிற வெளியூர் பஸ். அது எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே யாத்ரீகர்கள் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது. புண் காலை யாரும் மிதித்துவிடாமல் நான் குறுக்கே நின்றுகொண்டே போனேன்.

நாங்கள் போன ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். போய்ச் சேர்ந்து, எந்த ஜன்னல் என்று விசாரித்து, வரிசையில் நின்று உள்ளே போனால், "நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும், காலைல வந்துருங்க" என்றார்கள். சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றில் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டும். வந்து ரத்தம் கொடுத்து, வெளியே இட்லி வாங்கிச் சாப்பிட்டு, ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். ரிசல்ட் வரும்போது டாக்டர் கிளம்பியிருப்பார். இதில் பரிசோதனைக்கு ஒரு பைசா வாங்கவில்லை, மருந்துக்கும் வாங்கவில்லை. ஆனால் அம்மாவின் கூலி போச்சு, கூடப் போன என் கூலி போச்சு. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் கைக்காசு. இலவசம் என்பது ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே மட்டும்தான்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் அரசு மருத்துவமனைக்கு எதிரி இல்லை. கீழே வந்து "தனியாருக்குப் போக வேண்டியதுதானே" என்று எழுதாதீர்கள். அம்மா இன்று உயிரோடு இருப்பது அரசு மருத்துவத்தால்தான். மற்ற மாநிலங்களோடு பார்த்தால் நாம் எவ்வளவோ மேல் என்பதும் தெரியும். எங்கள் மாவட்டத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். முன்னே எதற்கெடுத்தாலும் மதுரைதான். ராமநாதபுரத்திலிருந்து இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். என் பாட்டி காலத்தில் தீவுக்கு ரோடே கிடையாது. 1988-ல் ராஜீவ் காந்தி வந்து சாலைப் பாலத்தைத் திறக்கும் வரை பிரசவ வலி வந்தாலும் ரயில் வர வேண்டும், இல்லையென்றால் படகு. அதையெல்லாம் மறக்கவில்லை. இருப்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது காப்பீட்டு அட்டை. அப்பா பெயரில் இருந்த பழைய அட்டை அவர் போன பிறகு அப்படியே கிடந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் 5 லட்சம் வரை கிடைக்கும். அதற்கு வி.ஏ.ஓ. கையெழுத்தோடு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போனோம். மையத்தில் இருந்த பெண் மெஷினை நீட்டி, "பெருவிரல வைங்கம்மா" என்றாள். விழவில்லை. அடுத்த விரல், அதுவும் விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். துணியால் மெஷினைத் துடைத்தாள், அம்மா விரலில் எண்ணெய் தடவித் துடைத்தாள், மறுபடி வைத்தாள். வருடக்கணக்காகப் பாறையிலும் உப்பிலும் தேய்ந்த விரல்கள் அவை. ரேகை இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்புகள். ரேஷன் கடையிலும் அம்மாவுக்கு இதே பாடுதான். "கை சரியானதும் வாங்க" என்று சொன்னாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவளிடம் கண் பதிவு செய்கிற மெஷின் இல்லை. அது இருக்கிற இடத்தைத் தேடி வேறொரு நாள் போனோம்.

இவ்வளவுக்கும் நடுவில் புண் கறுத்துக்கொண்டே வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. 108-க்குச் சொன்னேன், சீக்கிரம் வந்துவிட்டார்கள். பாம்பன் பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. தொடர் விடுமுறை. வெளியூர்க் கார்களும் வேன்களும் பாலத்து மேலேயே ஓரமாக நிறுத்திவிட்டுக் கடலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சைரன் அலறுகிறது, ஒருவர் கையை நீட்டி "ஒரு நிமிஷம்" என்கிறார், பிள்ளையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்கிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லாததை எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதாமல் என்னால் விட முடியாது. ராமேஸ்வரம் வருகிறவர்களே, சாமி கும்பிடுங்கள், தனுஷ்கோடி போங்கள், எங்களுக்கும் அதில் பிழைப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். வருவதற்கும் போவதற்கும் தலா ஒரு வரிசைதான் அதில். பிரசவத்துக்குப் போகிறவளும் நெஞ்சுவலிக்காரரும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும், தீவிலிருந்து வெளியே போக வேறு ரோடு கிடையாது. பாலம் முடிந்து இறங்கினால் மண்டபம் என்ற ஊர், அங்கே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.

வார்டில் சேர்த்த அன்றுதான் ஓர் இளம் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "ஏம்மா, காலு இப்படி ஆகுற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? கொஞ்சமாவது அறிவு வேணாம்?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. முழங்கால் வரை சேலையை இழுத்து மூடிக்கொண்டார். என்ன பண்ணிக்கொண்டிருந்தோம் என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ரெண்டு விரல்களை எடுத்தார்கள். மீதிக் காலைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அதே வார்டுதான், அதையும் சொல்ல வேண்டும்.

திட்டு வாங்கிய பெண் அடுத்த முறை வர யோசிப்பாள். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு வெள்ளைப்படுதல் நெடுநாளாக இருக்கிறது. போகச் சொன்னால், "போத்தா, அம்புட்டுப் பேரு முன்னாடி சத்தம் போடுவாக" என்கிறார்.

ஆண்களுக்கு வேறு பாடு. ராத்திரி வலைக்குப் போன இடத்தில் திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய வெந்நீரில் காலை வைக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும், ஆனால் சின்ன வள்ளத்தில் அடுப்பு ஏது? வலையில் ஏறி வருகிற கடல் பாம்பு கடித்தால் இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் போடுகிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு தரைப் பாம்புகளின் விஷத்துக்குத்தான். கடல் பாம்புக்கு அது கேட்காது. மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதுதான் வழி. முதலில் கரை, பிறகு பாலம், பிறகு ரோடு.

எல்லாமே இருட்டு என்று சொல்ல வரவில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் எங்கள் பகுதிக்கு வருகிற பெண் இதே ஊர்க்காரி. பகலில் வந்தால் பாதி வீடு பூட்டிக்கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் பாசி காயப்போட்ட இடத்துக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாள். யாரும் சொல்லி அவள் இதைச் செய்யவில்லை.

அம்மா டிஸ்சார்ஜ் ஆகிற அன்று இன்னொரு டாக்டர் வந்தார். வயசானவர், இந்த மாவட்டத்துக்காரராகத்தான் இருப்பார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று சீட்டில் எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, "என்ன வேலைக்கும்மா போறீக?" என்று கேட்டார். பாசி என்றதும், "அப்ப அஷ்டமி நவமிய ஒட்டி வாங்க, அன்னைக்குக் கடல் வத்தாதுல்ல" என்று சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டுக் கொடுத்தார். வெறும் வயிற்று ரத்தத்தை ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்து ரிசல்ட்டை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றும் எழுதினார். அன்றிலிருந்து அம்மா ஒரு தேதியும் தவறவிட்டதில்லை. நீங்கள் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவராக இருந்தால், சீட்டில் தேதி போடும் முன் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். திரும்பிப் போக எத்தனை மணிக்குப் பஸ் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.